பெயரும் மதிப்பீடும்
ஓர் ஓவியப் போலியை முன்வைத்துக் கலைமதிப்பீட்டுக் கொள்கைகள் பற்றிய ஆய்வு

1. வினா

கலைப்படைப்பு ஒன்றினை நன்று என்றோ தீது என்றோ நாம் கூறுமிடத்து மதிப்பிடப்படுவது யாது? கண்முன் நிற்கும் படைப்பா? படைத்தவன் உள்ளமா? சுவைப்போன் நெஞ்சில் எழும் உணர்ச்சியா? அன்றி, அப்படைப்புத் தோன்றிய காலத்தில் அது நிகழ்த்திய அருஞ்செயலா? மேலைநாட்டு மெய்ப்பொருளறிஞர் இவ்வினாவிற்குப் பலவாறு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளை நிரல்பட எடுத்துரைக்கும் நூல்களும் பல உள. ஆயினும், கொள்கைகளை வெறுங்கொள்கைகளாகவே வைத்து ஒப்பிடின் ஒவ்வொன்றும் தன்னளவில் குறைவற்றதாகவே தோன்றும். பொன்னின் மாற்று உரைகல்லில் தேய்த்த பின்னரே புலப்படும். கொள்கைகளின் மாற்றும் அத்தகையதே.

அதற்கு ஏற்ற உரைகல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆலந்து நாட்டில் கிடைத்தது. ஓர் ஓவியம் உலகத் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றெனப் போற்றப்பட்டது. எட்டாண்டுகட்குப் பின் அது போலியெனத் தெரிந்தது. துணி மாறவில்லை, வண்ணம் மாறவில்லை, கோடு ஒன்றும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. எனினும், மதிப்பீடு அடியோடு மாறிற்று. அங்ஙனம் மாறியது முறையா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இவ்வினா ஓவியத்திற்கு மட்டும் உரியதன்று. பாடலாசிரியர் பெயர், காலம், மிகைப்பாடல் ஆகியவற்றோடு நாளும் பழகும் தமிழாய்வாளர்க்கும் உரியது என்பது கட்டுரையின் இறுதியில் காட்டப்பெறும்.

2. நிகழ்ச்சி

டெல்ஃப்ட் நகர ஓவியர் வெர்மீர் (1632–1675) இன்று பெரும்புகழ் உடையவர். ஆனால், அவர் இறந்தபின் நெடுங்காலம் அவர் பெயர் மங்கியே கிடந்தது. 1866-இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் தோரே எழுதிய கட்டுரைகளே அவரை உலகிற்கு மீட்டுத் தந்தன. அவர்தம் சிறந்த ஓவியங்களுள் ஒன்றாகிய ‘ஓவியக்கலை’ என்பதே 1860 வரை வேறோர் ஓவியராகிய டி ஹூக் என்பவருடையதாகக் கருதப்பட்டு வந்தது. பெயரிழந்த உண்மைப் படைப்பு ஒருபுறம். பெயர் பெற்ற போலிப் படைப்பு மறுபுறம். இவ்விரண்டும் ஒரே ஓவியர் வரலாற்றில் அமைந்தமை கருதத்தக்கது.

வெர்மீர் வரைந்தனவாக உறுதிப்பட்டவை மிகச் சிலவே. அவற்றுட் பெரும்பாலன, சாளர ஒளி படியும் அமைதியான இல்லக் காட்சிகள். சமயப் பொருள் தாங்கிய ஓவியம் ஒன்றும் அவருடைய இளமைக்காலத்ததாகக் கிடைத்திருந்தது. ஆகவே, இவ்விரு நிலைகளையும் இணைக்கும் சமய ஓவியங்கள் வேறு சில இருந்திருத்தல் வேண்டும் என அறிஞர் சிலர் கருதினர். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் சாயல் அவற்றில் காணப்படலாம் என்றும் எதிர்நோக்கினர். அறிஞர் எதிர்நோக்கிய அவ்விடத்தைத்தான் ஹான் வான் மேகரன் என்னும் ஆலந்து ஓவியர் நிரப்பினார். தென்பிரான்சில் தங்கியிருந்து, பதினேழாம் நூற்றாண்டின் பழந்துணி ஒன்றனைத் தேடிப் பெற்று, அதன்மேல் இருந்த ஓவியத்தைச் சுரண்டி நீக்கினார். வண்ணங்களைச் செயற்கைப் பிசினொன்றிற் குழைத்துத் தீட்டி, அடுப்பிலிட்டுச் சூடேற்றிப் பல நூற்றாண்டு இறுகிய வண்ணம்போல் ஆக்கினார். துணியை உருளையிற் சுற்றி வெடிப்புகளை உண்டாக்கினார். அவர் வரைந்த பொருள் எம்மாவுசில் இயேசு உணவருந்தும் காட்சி.

1937-இல் அவ்வோவியத்தை ஆராய்ந்தவர் ஆபிரகாம் பிரேடியஸ். ஆலந்து ஓவிய வரலாற்றில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் அரியர். 82 அகவை நிரம்பிய அப்பேரறிஞர் அதனை வெர்மீரின் தலைசிறந்த படைப்பென இலண்டன் கலை இதழொன்றில் எழுதினார். ரோட்டர்டாம் நகரின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் பெருவிலை கொடுத்து அதனைப் பெற்று, 1938-இல் மக்கள் பார்வைக்கு வைத்தது. கண்டோர் மெய்ம்மறந்து நின்றனர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், செருமானியத் தலைவர் கோரிங் என்பவரின் உடைமைகளுள் ‘வெர்மீர்’ ஓவியம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது வான் மேகரன் வழியாகச் சென்றது தெரிந்தது. நாட்டின் கலைச்செல்வத்தைப் பகைவர்க்கு விற்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1945-இல் அவர் சிறைப்பட்டார். அப்பொழுது அவர், தாம் விற்றது வெர்மீரின் ஓவியம் அன்றென்றும், அதனையும் எம்மாவுசு ஓவியத்தையும் தாமே வரைந்ததாகவும் கூறினார். அதனை மெய்ப்பிக்கக் காவலர் முன்னிலையில் அதே பாங்கில் மற்றோர் ஓவியமும் தீட்டினார். வேதியியல் ஆய்வில் இருபதாம் நூற்றாண்டுப் பிசின் கண்டறியப்பட்டது. 1947 நவம்பரில் நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை தொடங்குமுன்னரே, அவ்வாண்டு டிசம்பரில், அவர் உயிர்நீத்தார்.

3. ஹியூம்: தக்க நடுவர்

சுவை என்பது அவரவர் உள்ளத்தது. ஆயினும் எல்லாச் சுவையும் ஒரு நிகரன என்று யாரும் ஒப்புவதில்லை. இம்முரணைத் தீர்க்க முயன்றவர் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம். 1757-இல் வெளிவந்த ‘சுவையின் அளவுகோல்’ பற்றிய கட்டுரையில், அவர் அளவுகோலைப் படைப்பில் தேடாது நடுவரிடத்தில் தேடினார். தெளிந்த அறிவு, நுண்ணிய உணர்வு, நெடிய பயிற்சி, ஒப்புநோக்கும் திறன், சார்பின்மை ஆகிய ஐந்தும் உடையோர் ஒருமித்துக் கூறும் தீர்ப்பே அளவுகோல் என்றார்.

நுண்ணுணர்வை விளக்க அவர் செர்வாண்டிசின் கதையொன்றனைக் கையாளுகின்றார். மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் அதில் தோலின் சுவை சிறிது கலந்துள்ளது என்றார். மற்றவர் இரும்பின் சுவை என்றார். கேட்டோர் நகைத்தனர். மிடாவைக் கவிழ்த்தபோது அடியில் தோல்வாரிற் கோத்த பழந்திறவுகோல் ஒன்று கிடந்தது. சுவைத்தோர் நாவிற்குச் சான்று மிடாவின் அடியிலிருந்து கிடைத்தது.

எம்மாவுசு ஓவியமாகிய மிடாவின் அடியிலும் ஒரு திறவுகோல் கிடந்தது. வியப்பென்னெனின், அதன் சுவையை அறிந்தோர் அன்றே இருந்தனர். 1937-இல் பாரிசு நகரில் அவ்வோவியத்தைக் கண்ட டுவீன் கலைவணிக நிறுவனத்தின் முகவர்கள், அது போலியென நியூயார்க்கிற்குத் தந்தி அனுப்பினர். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. பிரேடியசின் சொல்லே ஏறியது. பயிற்சியிலும் ஒப்புநோக்கும் திறனிலும் பிரேடியஸ் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். அவரிடத்துக் குறைந்தது ஐந்தாவதாகிய சார்பின்மை. அதுவும் பொருட்சார்போ ஆட்சார்போ அன்று, கருதுகோட் சார்பு. தாம் காண விரும்பியதைத் தாம் கண்டார்.

இங்கு ஹியூமின் கொள்கையில் ஒரு நுட்பமான இடர் தோன்றுகின்றது. பயிற்சி மிகுதியே எதிர்நோக்கை வளர்க்கின்றது. எதிர்நோக்கே சார்பாக மாறுகின்றது. நடுவர்க்குரிய இலக்கணங்களுள் ஒன்று மற்றொன்றனை அழிக்கக்கூடும் என்பதனை ஹியூம் எண்ணியதாகத் தெரியவில்லை. காலம் கடந்து நிற்பதே சிறப்பிற்குச் சான்று என்னும் அவரது மற்றொரு கருத்து இவ்விடத்தில் துணைசெய்யும். ஆனால், காலத்தின் தீர்ப்பு வருங்காறும் இன்று தீர்ப்புக் கூறவேண்டியவன் என் செய்வான்?

4. கான்ட்: பற்றற்ற தீர்ப்பு

1790-இல் செருமானிய அறிஞர் இம்மானுவேல் கான்ட் இச்சிக்கலை வேறுவழியில் அணுகினார். அழகுத் தீர்ப்பு, பொருளை உடைமையாக்க விழையும் பற்றோடு கலவாதது. அது கருத்துருக்களைக் கொண்டு நிறுவப்படுவதன்று. ஆயினும், எல்லோரும் உடன்படுதல் வேண்டும் என்னும் உரிமைக்குரல் அதனுள் ஒலிக்கின்றது. இத்தீர்ப்பினைப் பிறர் சொல்லைக் கேட்டுக் கடன் வாங்குதல் இயலாது. தன் பாட்டு அழகியது என்று நம்பும் இளங்கவிஞனை ஊராரும் நண்பரும் மறுத்துரைத்தாலும் அவன் இணங்குவதில்லை. பின்னாளில் தன் உணர்வு கூர்மையடைந்தபோது தானே இணங்குகின்றான் என அவர் காட்டும் எடுத்துக்காட்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வளவைக்கல்லில் 1938-ஆம் ஆண்டுக் கூட்டத்தையும் 1945-ஆம் ஆண்டுக் கூட்டத்தையும் வைத்து நோக்குவோம். முன்னவர் பிரேடியசின் சொல்லைக் கேட்டுப் போற்றினர். பின்னவர் வழக்கின் செய்தியைக் கேட்டுத் தூற்றினர். கான்ட் நோக்கில் இவ்விருவருமே தீர்ப்புக் கூறினார் அல்லர். கேட்ட சொல்லைத் திருப்பிக் கூறினர். மதிப்பீடு மாறிற்று என்பதைவிட, மதிப்பீடு நிகழவே இல்லை என்பதே பெரும்பான்மையோரைப் பொறுத்தவரை உண்மையாகும்.

ஆயினும் கான்ட் தம் நூலிலேயே போலி பற்றியதொரு குறிப்பும் தந்துள்ளார். கோடைமாலையில் இராப்பாடியின் இசையைக் கேட்டு விருந்தினர் இன்புறுகின்றனர். அதனைப் பாடுபவன் புதரில் மறைந்து குழலூதும் குறும்புச் சிறுவன் என்று தெரிந்தவுடன், ஒருவரும் அவ்விசையைத் தொடர்ந்து கேட்கப் பொறார் என்கின்றார். ஒலி ஒன்றே, எனினும் கவர்ச்சி அகன்றது. இதற்குக் கான்ட் கூறும் காரணம், இயற்கை அழகின்பால் நமக்குள்ள ஈடுபாடு தூய சுவைத்தீர்ப்பினும் வேறான அறிவு ஈடுபாடு என்பதாம். ஆகவே அவர் இரண்டனைப் பிரித்தார்: ஒலியின் அழகு வேறு, அவ்வொலி இன்னதன் ஒலி என்று அறிதலால் எழும் ஈடுபாடு வேறு. இப்பிரிப்பு நம் ஆய்விற்குப் பெரிதும் பயன்படுவது.

5. வடிவக் கொள்கை

கான்ட் பிரித்தவற்றுள் முன்னதனை மட்டும் கைக்கொண்டு, பின்னதனைக் கலைக்குப் புறம்பெனத் தள்ளியோர் வடிவக் கொள்கையினர். 1914-இல் கிளைவ் பெல், கோடும் வண்ணமும் இயைந்து தோற்றும் பொருள்பொதிந்த வடிவமே கலையின் உயிர் என்றார். இலக்கியத் துறையில் விம்சட், பியர்ட்ஸ்லி என்னும் இருவர் 1946-இல் எழுதிய கட்டுரை, ஆசிரியன் நோக்கத்தைக் கொண்டு படைப்பின் வெற்றியை அளத்தல் பிழை என்று வாதிட்டது.

இக்கொள்கையின்படி எம்மாவுசு ஓவியம் 1938-இல் அழகியதாயின் இன்றும் அழகியதே. இன்று அழகற்றதாயின் அன்றும் அழகற்றதே. இம்முடிபின் நேர்மையை மறுத்தல் இயலாது. சான்றோர் சிலர் தம் பழைய புகழுரையை மறைக்க முயன்றதை நோக்கப், புகழ்ந்தது படைப்பினையாயின் மறைப்பது ஏன் என்னும் இக்கொள்கையினர் வினா கூரியதாகவே உள்ளது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வடிவத்தைக் காணும் கண் யாண்டிருந்து வருகின்றது? கண் வெற்றிடத்திலிருந்து காண்பதன்று. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்க்குப் பெயரும் காலமும் நீக்கிய பாடல்களை அளித்து, அவர்தம் கருத்துரைகளைத் தொகுத்து 1929-இல் வெளியிட்டார். பெயரை நீக்கிவிட்டால் தூய மதிப்பீடு தானே தோன்றும் என்று எண்ணுவோர் அந்நூலைக் கற்றல் வேண்டும். பதின்மூன்று பாடல்கட்கும் மாணவர் கூறிய கருத்துகள் ஒன்றோடொன்று மோதின. பாட்டின் நேர்பொருளையே பலர் தவறவிட்டனர். பெயரை நீக்குதல் ஒரு தடையை நீக்குதலே. கண்ணைத் தருதல் அன்று.

6. உணர்ச்சிக் கொள்கை

வடிவத்தை விடுத்து உணர்ச்சியை அளவுகோலாகக் கொண்டோருள் தலையாயவர் டால்ஸ்டாய். 1898 அளவில் முழுமையாக வெளிவந்த ‘கலை என்பது யாது’ என்னும் நூலில், கலைஞன் தான் உண்மையாகப் பட்டறிந்த உணர்ச்சியைப் பிறர்க்குத் தொற்றச் செய்தலே கலை என்றார். அவ்வுணர்ச்சி தனித்தன்மையும் தெளிவும் உடையதாய்க், கலைஞன் நெஞ்சின் வாய்மையிலிருந்து பிறத்தல் வேண்டும். மூன்றினுள்ளும் வாய்மையே தலைமையானது என்பது அவர் கொள்கை. பிற படைப்புகளிலிருந்து கடன் வாங்கித் தொகுத்தவற்றை அவர் போலிக்கலை என்றே பெயரிட்டார். இக்கோலை அவர் பிறர்க்கு மட்டும் பயன்படுத்தவில்லை; தம் படைப்புகளுள்ளும் இரு சிறுகதைகள் ஒழிய ஏனையவற்றைத் தீய கலையில் அடக்கினார். கொள்கைக்காகத் தம் புகழையே விலையாகக் கொடுத்த அத்துணிவு போற்றற்குரியது.

வான் மேகரனின் ஓவியத்தை இக்கொள்கை எளிதில் தள்ளிவிடும் என்று தோன்றும். ஆனால் தள்ளுதற்குரிய சான்று யாது? தொற்றுதலே சான்றெனின், 1938-இல் ரோட்டர்டாம் மக்களுக்கு உணர்ச்சி தொற்றியது உண்மை. வாய்மையே சான்றெனின், அதனை ஓவியத்துள் எவ்வாறு காண்பது? பிரேடியஸ் அவ்வோவியத்தில் ஆழ்ந்த சமய உணர்வைக் கண்டார். அவ்வுணர்வு ஓவியத்திலிருந்து அவர் நெஞ்சிற் புகுந்ததா, வெர்மீர் என்னும் பெயரைக் கேட்ட அவர் நெஞ்சிலிருந்து ஓவியத்தின்மேற் படிந்ததா என்று பிரித்தறிதற்கு டால்ஸ்டாய் வழி கூறவில்லை. உணர்ச்சி மெய்யே, அதன் ஊற்றுத்தான் ஐயத்திற்குரியது. நம் கண்ணீரே நமக்குப் பொய்ச்சான்று ஆகக்கூடும் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

7. வரலாற்றுக் கொள்கை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிக்கலை நேராக எடுத்து ஆராய்ந்தோர் உளர். ஆல்பிரட் லெசிங் என்னும் அறிஞர் 1965-இல் எழுதிய கட்டுரையில், போலியிடத்துள்ள குறை அழகுக்குறை அன்று, முதன்மைக்குறை என்றார். வெர்மீர் பதினேழாம் நூற்றாண்டில் ஒளியைக் கையாண்ட முறை கலைவரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பு. அதனை இருபதாம் நூற்றாண்டில் மீளச் செய்வது, செய்திறனாக இருக்கலாம், கண்டுபிடிப்பு ஆகாது.

டெனிஸ் டட்டன் 1979-இல் இதனை மேலும் விளக்கினார். ஒவ்வொரு கலைப்படைப்பும் ஒரு செயலின் விளைவு. செயலை அறியாது விளைவை மதித்தல் அரைகுறை மதிப்பே. பியானோ இசைப்பவர் விரைவைக் கேட்டு வியக்கின்றோம். பின்னர் அவ்விரைவு கருவியால் கூட்டப்பட்டது எனத் தெரிகின்றது. செவிக்கு எட்டிய ஒலி மாறவில்லை. ஆயினும் நாம் வியந்த பொருள் அங்கே இல்லை.

நெல்சன் குட்மன் 1968-இல் கூறிய விடை இவ்விரண்டினும் நுட்பமானது. மூலத்திற்கும் போலிக்கும் இன்று என் கண்ணுக்கு வேற்றுமை தெரியாமலிருக்கலாம். ஆனால், வேற்றுமை உண்டு என்று அறிந்தமையே இன்று நான் பார்க்கும் முறையை மாற்றுகின்றது. நாளை அதனைக் காணும் ஆற்றலை எனக்குப் பயிற்றுகின்றது. வான் மேகரனின் படங்களைத் தனிக்குழுவாகப் பிரித்து வைத்தபின், அவற்றின் பொதுச்சாயல் பயிற்சி இல்லாதார்க்கும் புலனாயிற்று. கனத்த இமைகளும் உருண்டு திரண்ட முகங்களும், வெர்மீர் காலத்தைக் காட்டிலும் வான் மேகரன் வாழ்ந்த காலத்தின் சாயலையே மிகுதியும் காட்டுகின்றன. போலி, அது செய்யப்பட்ட காலத்தார் கண்ணையே எளிதில் ஏய்க்கும். தம் காலத்துச் சாயல் தம் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகின்றது. அக்கனத்த இமைகள் 1937-லும் அவ்வோவியத்தில் இருந்தன. வடிவக் கொள்கையினர் கூறுவதுபோல் குறை படைப்பிலேயே இருந்தது. ஆனால் அதனைக் காண்பதற்கு வரலாற்றறிவு வேண்டியிருந்தது. ஆகவே, இவ்விரு கொள்கைகளும் பகையாவன அல்ல. ஒன்று, சான்று யாண்டுள்ளது என்று கூறுகின்றது. மற்றொன்று, அச்சான்றைக் காண்பது எவ்வாறு என்று கூறுகின்றது.

8. தமிழ் மரபின் இரு கதைகள்

மதிப்பீட்டில் பெயருக்குள்ள இடம் யாது என்னும் வினாவைத் தமிழ் மரபு கொள்கை நூலாக எழுதி வைக்கவில்லை. கதையாகச் சொல்லி வைத்தது. அக்கதைகளின் வரலாற்றுண்மை ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. அவற்றுள் அடங்கிய மதிப்பீட்டுச் சிந்தனையே வேண்டுவது.

முதலாவது, திருவிளையாடற் புராணம் கூறும் தருமியின் கதை. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் இறையனார் பெயரில் உள்ளது. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டென்னும் பொருள்பற்றி நக்கீரர் அப்பாடலில் குற்றம் காண்கின்றார். ஆசிரியர் இறைவனே என்று தெரிந்த பின்னரும் அவர் தம் கருத்தை மாற்றவில்லை. அவர் கூறிய குற்றம் சரியா என்பது வேறு. அகப்பாடலின் தலைவன் கூற்றை உலகியல் உண்மைகொண்டு அளந்தது பொருந்துமா என்று நாம் இன்று வினவலாம். ஆனால் கதை காட்டும் நெறி ஐயத்திற்கு இடமற்றது: படைப்பிற் கண்ட குறை, படைத்தவன் பெயரால் நீங்காது.

இரண்டாவது, இறையனார் அகப்பொருள் உரைப்பாயிரம் கூறும் கதை. அந்நூலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எது மெய்யுரை என்று முடிவு செய்ய நடுவர் ஒருவர் வேண்டியிருந்தது. நடுவராக அமைந்தவன் ஐந்து அகவையினனாகிய உருத்திரசன்மன் என்னும் ஊமைப்பிள்ளை. மருதன் இளநாகனார் உரைத்தபோது அவன் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறு இருந்தான். அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் அமைப்புத் தெரியும். முன்னதில் நக்கீரர் நடுவர். பின்னதில் நக்கீரர் நடுவர்முன் நிற்பவர். முன்னதில் தீர்ப்பு காரணத்தால் அமைகின்றது. பின்னதில் மெய்ப்பாட்டால் அமைகின்றது. ஒன்றனுள் சொல் உண்டு. மற்றொன்றனுள் சொல்லே இல்லை. ஆயினும் இரண்டிற்கும் பொதுவாவது ஒன்று: இருவரும் பெயருக்கு அஞ்சாதவர். ஒருவர் அஞ்சாதது துணிவினால். மற்றவன் அஞ்சாதது பெயரின் பெருமையை அறியாத இளமையினால்.

பின்னைய கதையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அப்பிள்ளை வெறும் பிள்ளையாயின் உரைநுட்பம் அறிதல் எவ்வாறு? குமரவேளே ஒரு சாபத்தால் அவனாகத் தோன்றினான் என்று உரைப்பாயிரம் விடை தருகின்றது. பேரறிவும் சார்பின்மையும் ஒருவரிடத்தே கூடுதல் அரிது. அறிவு வளர வளரச் சார்பும் வளரும். ஹியூமின் கொள்கையில் நாம் கண்ட இடர் இதுவே. அவ்விடரை உணர்ந்தோர், தெய்வத்தின் அறிவையும் குழவியின் கள்ளமின்மையையும் ஓருடலில் வைத்துக் கதையளவில் தீர்த்துக்கொண்டனர். மாந்தருள் அத்தகைய நடுவர் இலர். பிரேடியசும் அல்லர், நாமும் அல்லேம்.

9. நம் துறைக்கு இதனால் ஆவது

ஓவியத்திற்கும் பாட்டிற்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு என்பதனைக் குட்மன் காட்டியுள்ளார். ஓவியத்தின் படி ஓவியம் ஆகாது. பாட்டினை எழுத்துப் பிறழாது படியெடுப்பின் அப்படியும் அப்பாட்டே. நம் முன்னோர் ஓலை செல்லரிக்குந்தோறும் புதிய ஓலையில் எழுதிக் காத்தமை, போலி செய்தமை அன்று; பாட்டினை வாழவைத்தமை. ஆதலின் இலக்கியத்தில் போலி என்பது படியைப் பற்றியதன்று. பெயரையும் காலத்தையும் பற்றியது.

அவ்வகையில் நாம் நாளும் எதிர்ப்படும் இடர்கள் மூன்று. ஒரு பெயரின்கீழ்ப் பல காலத்துப் படைப்புகள் தொகுதல் ஒன்று. சங்கப்பாடல் பாடிய ஔவையாரையும் நீதிநூல் பாடிய ஔவையாரையும் ஒருவராகக் கொண்டு மதிப்பிட்டால் இருவர் சிறப்பும் கெடும். பெரும்புலவன் நூலுள் பிறர் பாடல் கலத்தல் மற்றொன்று. கம்பராமாயணப் பதிப்பாசிரியர் பல பாடல்களை மிகையெனப் பிரித்துப் பின்னே வைத்துள்ளனர். அவ்வாறு பிரித்தபின் அவற்றைப் படிப்போர் மிகக் குறைவு. பிரிக்குமுன் நயம் கூறிப் பாராட்டப்பட்ட பாடல், பிரித்தபின் ஒரு சொல்லும் மாறாதிருக்க, அந்நயம் யாண்டுப் போயிற்று? அது முன்னரே இல்லையெனின் நாம் பொய்யாகப் புகழ்ந்தோம். உண்டெனின் இப்பொழுது பொய்யாகப் புறக்கணிக்கின்றோம். இரண்டனுள் எதுவென்று ஒவ்வொரு பாடலையும் எடுத்து ஆராய்ந்து கூறுதல் நம் கடன். மிகைப்பாடல் என்பது பதிப்பியல் முடிவு. அது நயவியல் தீர்ப்பு அன்று.

மூன்றாவது, பெயரைக் கண்டவுடன் புகழுரையைத் தொடங்கும் வழக்கம். முதுகலைத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்துவோர் இதனை நன்கறிவர். ஒரு புலவரைப் பற்றி எழுதிய பாராட்டினை அவர் பெயரை மட்டும் மாற்றி மற்றொருவர்க்குச் சூட்டினால், வாக்கியத்தில் ஒன்றும் திருத்த வேண்டுவதில்லை. அப்பாராட்டு பாட்டிலிருந்து பிறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு? குற்றம் மாணவருடையது மட்டும் அன்று. அவர் நம்மிடத்திருந்தே கற்றனர்.

இதற்கு மாறான நெறியும் நம் தொகை நூல்களிலேயே உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் முதலியோர் இயற்பெயர் கிடைத்திலது. தொகுத்தோர் அவர்தம் பாட்டில் அமைந்த தொடரையே அவர்க்குப் பெயராக்கினர். ஈண்டுப் பெயர் பாட்டினுக்கு மதிப்பைத் தரவில்லை; பாட்டே பெயரைத் தந்தது. புகழ்பெற்ற புலவர் பாடல்களோடு ஒருங்கே வைத்து அவற்றையும் தொகுத்தமை, தொகுத்தோர் மதிப்பீட்டின் தூய்மைக்குச் சான்றாகும்.

10. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. படைப்பு அழகியதா என்னும் வினாவும், படைத்தவன் செய்தது அருஞ்செயலா என்னும் வினாவும் வேறுவேறானவை. முன்னதற்குச் சான்று படைப்பினுள் உள்ளது. பின்னதற்குச் சான்று வரலாற்றில் உள்ளது. எம்மாவுசு ஓவியம் போலியெனத் தெரிந்தபோது உடனே வீழ்ந்திருக்க வேண்டுவது இரண்டாம் மதிப்பே. முதல் மதிப்பு வீழவேண்டுமாயின், ஓவியத்தினுள் இன்ன குறை என்று சுட்டிக் காட்டுதல் வேண்டும். கனத்த இமைகளைச் சுட்டியவர் அதனைச் செய்தார். நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் சுட்டியவர் செய்திலர்.

ஆகவே, திறனாய்வாளன் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு ஒன்று உண்டு. பெயரை அறிந்தமையால் தன் மதிப்பீடு மாறுமாயின், அம்மாற்றத்திற்குரிய காரணத்தைப் படைப்பினுள் சுட்டிக் காட்ட இயலுமா என்று அவன் தன்னையே வினவுதல் வேண்டும். இயலுமாயின் பெயர் அவனுக்குக் கண்ணைத் திறந்துள்ளது. இயலாதாயின் பெயர் அவன் கண்ணை மூடியுள்ளது. வரலாற்றறிவைத் துறத்தல் இவ்வொழுங்கிற்கு வேண்டுவதன்று. அவ்வறிவு காட்டுவதைப் பாட்டினுள் கண்டு கூறுதலே வேண்டுவது.

அவ்வோவியம் இன்றும் ரோட்டர்டாம் அருங்காட்சியகத்தின் உடைமையே. அதன்முன் நிற்பவர், தாம் காண்பது போலி என்பதை அறிந்தே நிற்கின்றனர். 1938-இல் நின்றோரினும் தாம் நுண்ணுணர்வு மிக்கவர் என்று அவர்க்குத் தோன்றுதல் எளிது. அறிவிப்புப் பலகை அவர்க்கு முன்னரே விடையைச் சொல்லிவிட்டது என்பதை அவர் மறத்தல் கூடாது. சங்கப்பாடல் என்று அச்சிட்ட தலைப்பின்கீழ் ஒரு பாட்டைப் படிக்கும் நமக்கும் அது பொருந்தும்.